ஒரே தாள், இருபது வருடம்: ஏசர் அறிக்கையைப் படிக்கப் பழகிய கதை

2023 ஜனவரியில் நான் ஒரு பதிவு போட்டேன். கொஞ்சம் பெருமையாகவே போட்டேன். கிராமப்புற இந்தியாவில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் 2018-ல் 65.6 சதவீதம், 2022-ல் 72.9 சதவீதம் என்று, கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஏசர் அறிக்கை சொல்லியிருந்தது. பல வருடமாகத் தேய்ந்துகொண்டே வந்த எண் ஒரேயடியாக ஏழு புள்ளி ஏறிவிட்டதே, ஜனங்களுக்கு அரசுப் பள்ளி மேல் நம்பிக்கை திரும்பிவிட்டது என்று நாலு பத்தி எழுதினேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். 2025 ஜனவரியில் அடுத்த அறிக்கை வந்தது. அதே கட்டத்தில் 66.8 என்று போட்டிருந்தது.

என் நாலு பத்தியும் காலி. ஏறியது நம்பிக்கையால் இல்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கொரோனாவில் வருமானம் போனது, சின்னச் சின்னத் தனியார் பள்ளிகள் மூடிக்கொண்டன, கட்டணம் கட்ட முடியாதவர்கள் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். கை கொஞ்சம் நிமிர்ந்ததும் மறுபடி வேனில் ஏற்றிவிட்டார்கள். பழைய எண்களையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்திருந்தால் 2022 வழக்கமான வருடம் இல்லை என்பது கண்ணில் பட்டிருக்கும்: தனியார் பள்ளிப் பிள்ளைகள் 2006-ல் 18.7 சதவீதம், 2014-ல் 30.8, 2018-ல் 30.9. அதாவது எட்டு வருடம் ஏறி, நாலு வருடம் அசையாமல் நின்றிருந்த கோடு அது. நான் கடைசி இரண்டு எண்ணை மட்டும் பார்த்தேன். அவ்வளவுதான் தப்பு.

அந்தத் தப்புக்கு அப்புறம் பழைய அறிக்கைகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் படித்தேன். ஒரே கேள்வியை வருடா வருடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு அறிக்கை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை, நாம் எங்கே ஏமாறுகிறோம் என்று எனக்குப் புரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் இது என்ன என்பது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 1990-களின் நடுவில் மும்பையில் தொடங்கியது. 2004-ல் மத்திய அரசு வரிகளின் மேல் 2 சதவீதம் கல்வி வரி போட்டது, பள்ளிக்குப் பணம் கொட்டத் தொடங்கியது. எத்தனை வகுப்பறை கட்டினோம், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கு எல்லோரிடமும் இருந்தது. சேர்ந்த பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்ற கணக்கு, நாடு முழுவதற்கும் மாவட்ட வாரியாக, யாரிடமும் இல்லை. 2005-ல் பிரதம் அதைச் செய்யக் கிளம்பியது. Annual Status of Education Report என்ற ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் இந்தியில் ‘அசர்’ என்று வரும், தாக்கம் என்று பொருள். நம் பத்திரிகைகள் அதை ஏசர் என்று எழுதிப் பழகிவிட்டன, நானும் அப்படியே எழுதுகிறேன்.

2005 முதல் 2014 வரை வருடம் தவறாமல் வந்தது. 2015-ல் இல்லை. 2016-லிருந்து ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் முழுக் கணக்கெடுப்பு, இடைப்பட்ட வருடங்களில் வேறு வயதினரைப் பற்றிய சின்ன ஆய்வு என்று மாறியது: 2017-ல் 14 முதல் 18 வயது, 2019-ல் 4 முதல் 8 வயது. 2020, 2021 தொலைபேசியில். 2022-ல் மறுபடி வீடு வீடாக, அப்புறம் 2024-ல். கடைசியாக வந்த முழு அறிக்கை 605 மாவட்டங்களில் 17,997 கிராமங்களுக்குப் போய் 6,49,491 பிள்ளைகளைப் பார்த்தது.

மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. கிராமங்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள், பெரிய ஊருக்கு வாய்ப்பு அதிகம் என்ற விகிதத்தில். ஊரை நாலு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து கிளம்பி இடதுகைப் பக்கம் ஐந்தாவது வீடு, அதற்கடுத்த ஐந்தாவது வீடு என்று போக வேண்டும். அந்த வீட்டில் 3 முதல் 16 வயது வரை யார் இருந்தாலும் குறித்துக்கொள்ள வேண்டும், 5 வயதுக்கு மேல் என்றால் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா, பள்ளியே இல்லையா என்பது பிரச்சினையில்லை.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. நாலு கட்டம். ஒன்றில் எழுத்துகள், ஒன்றில் சின்னச் சொற்கள், ஒன்றில் ஒன்றாம் வகுப்பு அளவில் நாலு வரி, ஒன்றில் இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. நாலு வரியில் தொடங்க வேண்டும். சரளமாக வந்தால் கதைக்கு ஏறு, வராவிட்டால் சொல்லுக்கு இறங்கு, அதுவும் வராவிட்டால் எழுத்துக்கு. ஐந்தில் நாலு சொல் சரியாக வந்தால் சொல் நிலை. கணக்கும் இப்படித்தான்: கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு இலக்கக் கழித்தல் இரண்டு, இரண்டும் சரியாக வந்தால் மூன்று இலக்க எண்ணை ஒற்றை இலக்க எண்ணால் வகுப்பது. பிள்ளையால் சிரமமில்லாமல் செய்ய முடிகிற உச்ச நிலை எதுவோ அதைக் குறிக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதே தாள், பத்தாம் வகுப்புக்கும் இதே தாள்.

நான் கல்லூரியில் இருந்தபோது ஒரு வருடம் தன்னார்வலனாக விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாள். ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டி எங்கள் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா, ரேஷன் கார்டு கணக்கா?” என்றார். “இல்ல ஆயா, பசங்க படிக்கிறாங்களான்னு பாக்க வந்திருக்கோம்” என்றேன். “ஏன், அத இஸ்கூல்ல பாக்க மாட்டாங்களா?”

நான் சிரித்து மழுப்பினேன். எட்டாம் வகுப்புப் பேரன் கதையை எடுத்தான், மூன்றாவது வரியில் நின்றான், திரும்ப முதலிலிருந்து வந்தான், அதே இடத்தில் நின்றான். பின்னால் நின்ற தங்கை, நாலாம் வகுப்பு, அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து அந்த வரியை வாசித்துவிட்டாள். அவனுக்கு வந்த கோபத்தில் நாங்கள் அவனைத் தனியாக அழைத்துப்போய் நாலு வரிக் கட்டத்தில் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அவன் பெயருக்கு எதிரே ஒரு டிக். அந்த வருட அறிக்கையில் எட்டாம் வகுப்புக்கான எண்ணுக்குள் அந்த டிக்கும் எங்கேயோ கரைந்து கிடக்கிறது.

பாட்டி கேட்டதற்கு இப்போது பதில் சொல்லத் தெரியும். பள்ளியில் பார்த்தால் அன்றைக்கு வந்த பிள்ளை மட்டும்தான் கிடைக்கும், வராதவன், நின்றுபோனவன் எல்லாம் கணக்கில் வரமாட்டான். அதோடு பள்ளியில் நடப்பது என்றால் ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் நல்ல எண் வர வேண்டும் என்ற பதற்றம் இருக்கும். திண்ணையில் அந்தப் பதற்றம் இல்லை. யாருக்கும் பரிசும் கிடையாது, மெமோவும் கிடையாது.

சரி, எண்களுக்கு வருவோம். ஒரு வருட எண்ணுக்குத் தனியாக அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் வகுப்பில் நாலில் ஒருவருக்குத்தான் இரண்டாம் வகுப்புக் கதை வாசிக்க வருகிறது என்பது முதல்முறை கேட்கும்போது யாரையும் உலுக்கும். ஆனால் இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது முறை கேட்கும்போதுதான் அது என்ன மாதிரியான சிக்கல் என்று தெரிகிறது.

பெண் பிள்ளைகளை எடுங்கள். 11 முதல் 14 வயதுப் பெண்களில் பள்ளிக்கு வெளியே இருந்தவர்கள் 2006-ல் 10.3 சதவீதம், 2018-ல் 4.1, 2022-ல் 2. இந்த வரிசையில் எந்த வருடமும் செய்தியாகியிருக்க வாய்ப்பில்லை. அரைப் புள்ளி, ஒரு புள்ளி என்று இறங்குவதற்கு யார் தலைப்புப் போடுவார்கள். ஆனால் பதினாறு வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு தலைமுறைக் கதை. கொரோனாவில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பள்ளியை விட்டு நின்றுவிடுவார்கள் என்று பயந்தோம், இந்த வயதுக்கு அந்தப் பயம் பலிக்கவில்லை. அதையும் சொல்வதற்குப் பழைய எண் கையில் இருக்க வேண்டும்.

இதே நிதானத்தில் எதிர்த்திசையில் ஒன்று நடந்திருக்கிறது, அதுதான் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது. எட்டாம் வகுப்பில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 2010-ல் எண்பதுக்கு மேல். 2014-ல் 75-க்குப் பக்கம், 2018-ல் 73, 2022-ல் 70-க்குக் கீழே, 2024-ல் 71. எந்த இரண்டு அறிக்கையை அடுத்தடுத்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, பிழை வரம்பு என்று தள்ளிவிடலாம். பதினாலு வருடத்தைப் பார்த்தால் பத்துப் புள்ளிக்கு மேல் கரைந்திருக்கிறது. சுவர் ஓதம் ஏறுவது மாதிரி, தினமும் அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு ஜோடி, வேடிக்கையானது. போன இடத்து அரசுப் பள்ளியையும் இவர்கள் பார்த்துவிட்டு வருவார்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்து, அது பூட்டாமல் பயன்படுத்தும் நிலையில் இருந்த பள்ளிகள் 2010-ல் 32.9 சதவீதம், 2018-ல் 66.4, 2024-ல் 72. குடிநீர் கிடைத்த பள்ளிகள் 2010-ல் 72.7, 2024-ல் 77.7. பதினாலு வருடத்தில் ஐந்து புள்ளி! கழிப்பறைக்கு இயக்கம் இருந்தது, பணம் இருந்தது, நீதிமன்ற உத்தரவு இருந்தது. குடிநீரில் தொடங்கும்போதே முக்கால்வாசிப் பள்ளியில் இருந்ததால் “பெரும்பாலும் இருக்கிறது” என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. மீதிக் கால்வாசி அப்படியே இருக்கிறது.

இப்போது சண்டைக்குரிய இடம். ஐந்தாம் வகுப்பில் கதை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2010-ல் 53.7 சதவீதம், 2012-ல் 46.8. வகுத்தல் தெரிந்தவர்கள் அதே இரண்டு வருடத்தில் சுமார் 36-லிருந்து 25-க்கு. ஏசர் வரிசையில் கொரோனாவுக்கு முன் இவ்வளவு செங்குத்தான இறக்கம் வேறு இல்லை. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. உடனே ஒரு சாரார், எட்டாவது வரை யாரையும் ஃபெயில் போடக் கூடாது என்று சட்டம் சொன்னதுதான் காரணம் என்றார்கள். இன்னொரு சாரார், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் தனியாருக்குப் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பவர்களைப் பார்த்தால் அரசுப் பள்ளி மோசமாகத்தான் தெரியும் என்றார்கள்.

இரண்டாவது வாதத்தில் பாதி சரி. அரசுப் பள்ளி ஐந்தாம் வகுப்பின் எண் 51-லிருந்து 42-க்கு விழுந்தது, தனியாரில் இறக்கம் மூன்று புள்ளி அளவுக்குத்தான். பிள்ளைகள் இங்கிருந்து அங்கே போனதும் உண்மை. ஆனால் அரசு, தனியார் இரண்டையும் சேர்த்த மொத்த எண்ணும் ஏழு புள்ளி விழுந்திருக்கிறதே? வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போனால் மொத்தம் மாறாது. ஆக, இடமாற்றத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. ஃபெயில் போடாத கொள்கைதானா என்றால், எப்போது விழுந்தது என்பதை அறிக்கை காட்டுகிறது, எதனால் என்பதைக் காட்டவில்லை. அந்த நேரத்தில் சட்டம் வந்தது, தேர்வு முறை மாறியது, சேர்க்கை கூடியது, எல்லாம் ஒன்றாக. கோட்டில் ஒரு முறிவு இருக்கிறது என்று தெரிந்ததும் அதற்குப் பக்கத்தில் நடந்த ஒன்றை எடுத்துக் காரணம் என்று ஒட்டிவிடுவது எல்லோருக்கும் வசதி, நானும் 2023-ல் அதைத்தான் செய்தேன்.

இந்த மாதிரி ஆய்வில் எல்லோரும் தடுக்கி விழும் இன்னொரு இடமும் உண்டு. இவர்கள் ஒவ்வொரு முறையும் பார்ப்பது வேறு வேறு பிள்ளைகள். 2022-ன் மூன்றாம் வகுப்பும் 2024-ன் மூன்றாம் வகுப்பும் ஒரே பிள்ளைகள் இல்லை. இது ரொம்பச் சாதாரண விஷயம் என்று தோன்றும், ஆனால் “மாணவர்கள் கற்றல் இழப்பிலிருந்து மீண்டார்கள்” என்று எத்தனை செய்தி வந்தது பாருங்கள். மூன்றாம் வகுப்பில் கதை வாசித்தவர்கள் 2018-ல் 27 சதவீதம், 2022-ல் 20.5, 2024-ல் 27.1. மீண்டது மூன்றாம் வகுப்பு. அந்தப் பிள்ளைகள் 2022-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள், பள்ளி திறந்த பிறகு வந்தவர்கள், அவர்கள் எதையும் இழக்கவே இல்லை. இழந்தவர்களைத் தேட வேண்டுமானால் மேலே போக வேண்டும். 2022-ல் மூன்றாவது படித்தவர்கள் 2024-ல் ஐந்தாவது, அங்கே 48.7 சதவீதம். 2018-ன் ஐந்தாவதோடு வைத்தால் இன்னும் ஒன்றரை இரண்டு புள்ளி பின்னால். எட்டாவதில் இருப்பவர்கள் கொரோனா தொடங்கியபோது மூன்றாவது, நாலாவதில் இருந்தவர்கள், அங்கேயும் 71-ல் நிற்கிறது. அட்டவணையை நேராகக் கீழே படிக்காமல் குறுக்காக, இரண்டு வருடத்துக்கு இரண்டு வகுப்பு ஏறிப் படித்தால்தான் இது தெரியும். பெரும்பாலும் யாரும் அப்படிப் படிப்பதில்லை.

கொரோனா வருடங்களில் தொலைபேசியில் கேட்டார்கள். வீட்டில் ஸ்மார்ட்ஃபோன் இருக்கும் பிள்ளைகள் 2018-ல் 36.5 சதவீதம், 2020-ல் 61.8, 2021-ல் 67.6 என்று தெரிந்தது. ஆனால் தொலைபேசியில் ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லி நம்ப முடியாது, அதனால் வாசிப்புக் கோட்டில் 2018-க்கும் 2022-க்கும் நடுவே ஓட்டை. அந்த ஓட்டையில் என்ன இருக்கிறது என்று காட்டியது மூன்று மாநிலம்தான். கர்நாடகம், சத்தீஸ்கர், மேற்கு வங்கம் மூன்றிலும் 2021-ல் நேரில் போய்ப் பார்த்தார்கள். சத்தீஸ்கரின் மூன்றாம் வகுப்பு 2018-ல் 30 அளவில் இருந்தது, 2021-ல் 12-க்கு விழுந்தது, 2022-ல் 24. நடு எண் இல்லாவிட்டால் “30-லிருந்து 24, மெதுவாகச் சரிகிறது” என்று எழுதியிருப்போம். உண்மையில் கிணற்றில் விழுந்து ஒரு வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறி வந்திருக்கிறார்கள். இரண்டு புள்ளிக்கு நடுவே நாமாக நேர்கோடு இழுக்கிறோம் என்பது எத்தனை ஆபத்து என்று எனக்கு இந்த ஒரு மாநிலம் காட்டிக்கொடுத்தது.

தமிழ்நாட்டுக்கு வந்தால் பேச்சு உடனே சூடாகிவிடும். 2022 அறிக்கையில் நம் மூன்றாம் வகுப்பின் எண் ஐந்து சதவீதத்துக்கும் கீழே, 2018-ல் பத்தளவில் இருந்தது. “உத்தரப் பிரதேசத்தை விடக் கீழேவா” என்று ஒரு பக்கம் கேலி, “இந்த அறிக்கையே பொய்” என்று இன்னொரு பக்கம் கோபம். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பிள்ளைகள் யார் என்று பாருங்கள்: 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதியவர்கள். இங்கே ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1. அப்போது அவர்கள் இரண்டாம் வகுப்பில் பாதி தாண்டியிருந்தார்கள். நடுவில் ஜனவரியில் மறுபடி மூடல். 2022 கடைசியில் தன்னார்வலர் தாளை நீட்டும்போது அவர்கள் பள்ளியைப் பார்த்தே ஒரு வருடம் ஆகியிருக்காது. கோடைக்கும் பண்டிகைக்கும் போனது போக மிச்சம் எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மொழி. இந்தித் தாளில் இரண்டாம் வகுப்புக் கதை ஒன்று, தமிழ்த் தாளில் ஒன்று. இரண்டும் ஒரே அளவு கடினமா? நம் எழுத்தில் உயிர்மெய்யும் புணர்ச்சியும் ஒட்டி ஒரு சொல் ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்று நீளும், ஏழு வயதுப் பிள்ளை அதை மூச்சு வாங்கித்தான் தாண்டும். இந்தியில் அது மூன்று துண்டாக வரும். அதனால் மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிட்டு யார் முதல், யார் கடைசி என்று பட்டியல் போடுவதை நான் விட்டுவிட்டேன். தமிழ்நாட்டைத் தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் அந்தச் சமாதானம் செல்லாது, ஏனென்றால் 2018-லும் அதே தமிழ்தான். பத்து என்பதே பெருமைப்பட ஒன்றுமில்லை. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் என்று அரசு இறங்கியதும் 2024-ல் மூன்றாம் வகுப்பு மறுபடி இரட்டை இலக்கத்துக்கு வந்ததும் இரண்டும் உண்மை. ஒன்றால்தான் மற்றது நடந்ததா என்று கேட்டால், ஃபெயில் போடாத கொள்கையைப் பற்றிச் சொன்னதையேதான் திரும்பச் சொல்வேன், பள்ளி திறந்ததாலேயே ஏறியிருக்க வேண்டிய பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இந்தத் தாள் போதாது.

மாவட்ட எண்ணைக் கேட்டு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 6,49,491 பிள்ளைகளை 605 மாவட்டத்தால் வகுத்தால் மாவட்டத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். 3 முதல் 16 என்றால் பதினாலு வயது, ஆக ஒரு வகுப்புக்கு எழுபது எண்பது பேர். வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளை இருக்கும் நம் பக்கம் இன்னும் குறையும். எழுபத்தைந்து பேரில் ஒரு பிள்ளை அன்றைக்குக் காய்ச்சலில் படுத்து வாசிக்காவிட்டால் ஒரு புள்ளிக்கு மேல் இறங்கிவிடும். முப்பது கிராமத்தை மாற்றி வேறு முப்பது எடுத்திருந்தால் பத்துப் புள்ளி மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம். “எங்கள் மாவட்டம் நாலு புள்ளி முன்னேறியது” என்று யாராவது பிளெக்ஸ் அடித்தால் அதில் எத்தனை புள்ளி பிள்ளைகளுடையது, எத்தனை புள்ளி குலுக்கலுடையது என்று கேட்க வேண்டும். மாநிலம், நாடு என்று மேலே போகப்போக இந்த ஆட்டம் அடங்கும்.

தாள் மாறாமல் இருப்பதற்கும் விலை இருக்கிறது. அது அடிமட்டத்தை மட்டும் அளக்கும். கதையை ஓட்டமாக வாசித்துவிட்ட பிள்ளை அதற்கு மேல் என்ன செய்வாள் என்று அதற்குத் தெரியாது. பெரிய பிள்ளைகளுக்கு வேறு கேள்வி வேண்டும் என்றுதான் 2017-லும் 2023-லும் 14 முதல் 18 வயதினரிடம் தனியாகப் போனார்கள். 2023-ல் அவர்களில் கால்வாசிப் பேருக்கு அந்த இரண்டாம் வகுப்புக் கதையே சரளமாக வரவில்லை, வகுத்தல் வந்தது 43.3 சதவீதம் பேருக்கு. அடிமட்டத்தை அளப்பது போதாது என்று குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் வாயடைத்தது.

ஆனால் தாளை மாற்றுவதற்கான விலை அதைவிட அதிகம் என்று சொல்ல அரசுத் தரப்பிலேயே உதாரணம் இருக்கிறது. தேசிய அடைவுத் தேர்வு 2017-ல் நடந்தது, 2021 நவம்பர் 12-ல் 3, 5, 8, 10 வகுப்புகளுக்கு நடந்தது. அடுத்தது 2024 டிசம்பர் 4, பெயர் மாறி பரக் ஆனது, வகுப்பும் 3, 6, 9 என்று மாறியது. புதிய கல்விக் கொள்கையின் கட்டங்களுக்கு ஏற்ப மாற்றினோம் என்று காரணம் உண்டு, நியாயமான காரணம்தான். ஆனால் ஆறாம் வகுப்பின் எண்ணை எடுத்துக்கொண்டு எதோடு வைத்துப் பார்ப்பது? முந்தையது ஐந்தாவது. கொரோனாவின் நடுவில் எடுத்த எண்ணுக்கும் அதற்கு மூன்று வருடம் கழித்து எடுத்த எண்ணுக்கும் நேரான தொடர்ச்சி தேவைப்பட்ட நேரத்தில்தான் மூன்றாம் வகுப்பைத் தவிர மற்ற கோடெல்லாம் அறுந்தது. அதில் கலந்துகொண்ட பிள்ளைகளின் எண்ணிக்கையோ பல லட்சம், ஏசரை விடப் பல மடங்கு. பெரிய மாதிரி எடுத்தால் போதும் என்று நினைக்கிறவர்களிடம் இதைத்தான் காட்டுவேன்.

இத்தனைக்கும் ஏசர் கோடு அறவே அறாதது என்று சொல்ல முடியாது. அது கிராமத்தை மட்டும் பார்க்கிறது. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் நகரம், ஆக ஏசரில் “தமிழ்நாடு” என்று வருவது பாதித் தமிழ்நாடுதான். வியாசர்பாடிப் பிள்ளையும் அதில் இல்லை, அண்ணா நகர்ப் பிள்ளையும் இல்லை. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால் கிராமப் பட்டியலும் இன்னும் 2011-ஓடு நிற்கிறது.

நான் போன அந்த விழுப்புரம் பக்கத்து ஊர் இப்போது கிராமம் மாதிரியே இல்லை. நகரம் நீண்டு வந்து அதைத் தொட்டுவிட்டது, பாட்டியின் திண்ணை இருந்த தெருவில் இரண்டு செல்ஃபோன் கடை, ஒரு டியூஷன் சென்டர். பட்டியலில் மட்டும் அது இன்னும் கிராமம். புதிய கணக்கெடுப்பு முடிந்து பட்டியல் மாறும்போது இப்படிப்பட்ட ஊர்கள் மொத்தமாக வெளியே போகும், அதில் கொஞ்சம் வசதியான, பள்ளி பக்கத்தில் இருக்கிற, வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் அதிகம் இருக்கிற ஊர்களே நிறைய இருக்கும். மிஞ்சுகிற “கிராமப்புறத் தமிழ்நாடு” முன்பு இருந்ததை விடத் தொலைவானது, ஏழ்மையானது. ஒரு பிள்ளைகூட மோசமாகப் படிக்காமலேயே அந்த ஜனவரியில் எண் இரண்டு மூன்று புள்ளி இறங்கலாம். அன்றைக்கு யாராவது எதையாவது காரணம் காட்டிப் பதிவு போடுவார்கள், அதை எனக்கு அனுப்பாதீர்கள், நான் பழைய அட்டவணையைத் தேடிக்கொண்டிருப்பேன்.